பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் முன்பக்க ஸ்ட்ரட்: கடலோர உரிமையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

தொண்டி முதல் சாயல்குடி வரை, பழைய ஸ்போர்ட்ஸ் கார்களையும் வேகத்துக்குப் பெயர்பெற்ற பழைய சிறிய கார்களையும் விடாமல் பராமரித்துவரும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். செலவு கட்டுப்படியாக வேண்டும் என்பதே ஏறத்தாழ எல்லோருடைய கவலையும். ஸ்ட்ரட் என்பது முன்சக்கரத்தைத் தாங்கும், ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண். மட்டமான ஸ்ட்ரட்டை வாங்குவதால் பணம் மிச்சமாவதில்லை. ஒருமுறை கழற்றும்போதே உடன் தேய்ந்துபோன சிறு பாகங்களையும் மாற்றி, இரண்டாவது கூலி கொடுக்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வதில்தான் மிச்சம் இருக்கிறது.

கேள்வி (இராமநாதபுரம்): ஐயா, என்னிடம் 2002 மாடல் ஃபியட் பாலியோ 1.6 இருக்கிறது. பாம்பன் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போதெல்லாம் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம் வருகிறது. நான்கு ஷாக்கையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

சத்தத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். 1988-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலைப் பாலத்தின் இணைப்புகள் நல்ல நிலையில் இருக்கும் வண்டியையே உலுக்கிவிடும். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் பாகங்களான ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட் ஆகியவற்றில் எது தளர்ந்தாலும் இதே சத்தம்தான் கேட்கும். இவற்றுள் சில, ஸ்ட்ரட் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்ட்ரட்டின் உடலில் ஈரப்பதம் போல மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பே. எண்ணெய் வழிந்து, அதில் நம் ஊர் மணல் ஒட்டி, கறுப்புக் குழம்பாகத் திரண்டிருந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள். அடுத்து டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தால் டேம்பர் (துள்ளலை அடக்கும் ஷாக்) வேலை செய்யவில்லை என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். பின்பு ஒருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி, ஸ்பிரிங்கின் மேல் விரலை லேசாக வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் இறுகி, பிறகு துள்ளினால் மேல் பேரிங் போய்விட்டது.

80,000 கிலோமீட்டரைத் தாண்டிய வண்டிக்கு இந்தச் சோதனை கட்டாயம். பின்பக்கம் நன்றாக இருந்தால் முன்பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி (தேவிபட்டினம்): ஒரு பக்கம்தான் கசிகிறது. அதை மட்டும் மாற்றலாமா?

கூடாது. புதியதும் பழையதும் ஒரே அச்சில் இருந்தால், பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

கேள்வி (தொண்டி): 1988 மாடல் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வைத்திருக்கிறேன். முழு ஸ்ட்ரட் கிடைப்பதே அரிதாக இருக்கிறது. கிடைத்தாலும் கைக்கு எட்டாத விலை. வேறு வழி உண்டா?

உங்கள் வண்டிக்கு நல்ல வழியே இருக்கிறது. அந்தத் தலைமுறை வண்டியில் ஸ்ட்ரட்டின் வெளிக்குழாய் நிரந்தரமானது. சக்கரம் மாட்டும் அச்சும் அதனோடு சேர்ந்தே இருக்கும். ஸ்பிரிங்கைப் பாதுகாப்பாகக் கழற்றிய பிறகு, குழாயின் மேலே உள்ள பெரிய வளைய நட்டைக் கழற்றினால், உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை (ஷாக் அடங்கிய உள்குழலை) மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம். ஆகவே வெளிக்குழாயை ஒருபோதும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

புதிய கார்ட்ரிட்ஜை இறக்குவதற்கு முன் குழாயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அடியில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள். கார்ட்ரிட்ஜின் சூட்டைக் குழாய்க்குக் கடத்துவது அந்த ஆயில்தான். கடற்காற்றில் குழாயின் உட்புறம் துருப்பிடிக்காமல் காப்பதும் அதுவே. கார்ட்ரிட்ஜ் உள்ளே போகும்போது ஆயில் மேலே ஏறும் என்பதால், வழியாத அளவுக்கு ஊற்றினால் போதும்.

கேள்வி (கீழக்கரை): துபாயில் இருக்கும் என் மச்சான் மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியிருக்கிறார். அதற்கும் இதே முறைதானா?

இல்லை. அந்த வண்டியின் முன்பக்கத்தில் இருப்பது டபுள் விஷ்போன் அமைப்பு; மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் சக்கரத்தைப் பிடித்திருக்கும். அங்கே ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இருந்தாலும், அது சக்கரத்தைத் தாங்கி அதனோடு திரும்பும் ஸ்ட்ரட் அன்று. ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றுவது பற்றி அடுத்த பதிலில் சொல்லும் எச்சரிக்கை மட்டும் அவருக்கும் பொருந்தும்.

கேள்வி (மண்டபம்): ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) வாங்கப் பணம் இல்லை. படகுக் கயிற்றால் ஸ்பிரிங்கை இறுக்கிக் கட்டிவிட்டு மேல் நட்டைக் கழற்றலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா ஐயா?

தயவுசெய்து செய்யாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங்கில் நூற்றுக்கணக்கான கிலோ விசை அடங்கியிருக்கிறது. கயிறு அறுந்தால் அந்த விசை முழுவதும் முகத்தையோ மார்பையோதான் தாக்கும். சிக்கனம் பார்க்கக்கூடாத ஒரே இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கம்ப்ரஸரை விலைக்கு வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. வண்டியிலிருந்து ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி, கம்ப்ரஸர் வைத்திருக்கும் பட்டறைக்குக் கையில் எடுத்துச் சென்றால், ஸ்பிரிங்கை மாற்றிப் பூட்டித் தருவதற்கு மட்டும் கூலி கொடுத்தால் போதும். ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவில் உள்ள பெரிய நட்டை வண்டியில் இருக்கும்போது தொடவே கூடாது. சுற்றியுள்ள சிறிய நட்டுகளைத்தான் கழற்ற வேண்டும். பட்டறையில் பிஸ்டன் தண்டைப் பிளையரால் பிடிக்க விடாதீர்கள். அதன் பளபளப்பான பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் புதிய சீல் சில மாதங்களில் கிழிந்துவிடும். ஆலன் கீயால் தண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நட்டை முடுக்க வேண்டும்.

ஸ்பிரிங்கைக் கையில் எடுத்ததும் அதன் கடைசிச் சுற்றைப் பாருங்கள். மணலும் உப்பும் கீழ்த்தட்டில் தேங்கி நிற்பதால் பெயின்ட் உரிந்து துரு அரிப்பது அங்கேதான். நம் கடலோரத்தில் ஸ்பிரிங் உடைவதும் பெரும்பாலும் அங்கேதான். துரு ஆழமாகப் பள்ளம் பறித்திருந்தால் ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள். மேல் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுதும் அமுங்கும்போது இடி தாங்கும் கட்டை), தூசி உறை ஆகியவற்றைப் பழையதாகவே திரும்பப் பூட்டினால், அதே வேலையை விரைவில் மறுபடியும் செய்ய நேரும். தூசி உறை கிழிந்த வண்டி ஒருமுறை தனுஷ்கோடிக்குப் போய்வந்தாலே தண்டில் மணல் ஏறிவிடும்.

கேள்வி (இராமேஸ்வரம்): நக்கிளில் (சக்கர ஹப்பைத் தாங்கி ஸ்ட்ரட்டோடு இணையும் இரும்புப் பாகத்தில்) உள்ள இரண்டு போல்ட்டுகளும் துருவால் இறுகிவிட்டன. சுத்தியலால் அடித்தும் அசையவில்லை.

முதலில் கம்பித் தூரிகையால் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்யுங்கள்; துருவோடு நட்டைத் திருகினால் பாதி வழியில் மரை போய்விடும். துரு நீக்கும் ஆயிலை முந்தைய நாள் மாலையே அடித்து, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் கழற்ற வேண்டும். அடிக்க வேண்டிய கட்டம் வந்தால், பழைய நட்டைப் போல்ட்டின் நுனிவரை திருகிவிட்டு அதன்மேல் அடியுங்கள்; மரை நசுங்காது. கழற்றும் முன் மேல் போல்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் சக்கரத்தின் சாய்வை நிர்ணயிப்பது அதுதான்.

போல்ட் வெளியே வந்ததும் சக்கர ஹப்பைத் தொங்கவிடாதீர்கள். பிரேக் ஹோஸ் இழுபட்டுக் கிழியும்; முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டும் பிரிந்து வரலாம். கம்பியால் கட்டி வையுங்கள். வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டும் கொடுங்கள்.

புதிய போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரால்) முடுக்கிய பிறகு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையின் மேல் படகு இன்ஜினுக்குப் பயன்படுத்தும் நீர் புகாத கிரீஸைப் பூசுங்கள். முடுக்குவதற்கு முன்பே பூசினால் அதே அளவில் போல்ட் கூடுதலாக இழுபட்டுப் பழுதாகும்.

கேள்வி (ஏர்வாடி): பழைய ஸ்ட்ரட்டில் துளையிட்டுப் புதிய ஆயில் ஊற்றித் தருகிறார்கள். விலை மிகவும் குறைவு. சென்னை புதுப்பேட்டையில் பழைய ஸ்ட்ரட்டும் கிடைக்கிறதாம். எதை எடுக்கலாம்?

இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். உள்ளே வால்வும் சீலும் தேய்ந்திருக்கும்போது ஆயிலை மட்டும் மாற்றுவதால் பயன் நீடிக்காது. வாயு அடைத்த வகையாக இருந்தால் துளையிட்டவுடனே வாயு போய்விடும், துளையிடுவதும் ஆபத்தானது. புதுப்பேட்டையில் நக்கிள், ஸ்பிரிங் தட்டு போன்ற தேயாத இரும்புப் பாகங்களைத் தாராளமாகத் தேடலாம். டேம்பரைப் பொறுத்தவரை, கேப்ரியல், மன்ரோ, கேஒய்பி போன்ற நிறுவனங்களின் சாதாரண வகையே போதுமானது. விலை உயர்ந்த, உயரத்தை மாற்றும் வகைகள் நம் ஊர் வேகத்தடைகளுக்குத் தேவையே இல்லை.

கேள்வி (சாயல்குடி): மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் அவசியமா? உப்புக்காகத் தினமும் அடிப்பகுதியைக் கழுவுகிறேன், அது சரிதானா?

அலைன்மென்ட் அவசியம். அதைத் தவிர்த்தால் புதிய ஸ்ட்ரட்டில் மிச்சம் பிடித்த பணத்தை டயரில் இழப்பீர்கள்.

கழுவுவது நல்ல பழக்கமே, ஆனால் எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று பாருங்கள். நம் பகுதியில் பல கிணறுகளும் போர்வெல்களும் உப்புத் தண்ணீர் தருபவை. அதில் கழுவினால் உப்பின் மேல் உப்புதான் ஏறும். குடிநீரைத் தினமும் செலவழிக்க நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. மழைக்காலத்தில் சேமித்த தண்ணீரையோ ஒரு குடம் நல்ல தண்ணீரையோ வாரம் ஒருமுறை எடுத்து, ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டிலும் நக்கிள் போல்ட்டுகளிலும் மட்டும் நேராகப் படும்படி ஊற்றினால் போதும்.