அப்பாவை ஸ்கிப்பர் ஆக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

நான் குளச்சலைச் சேர்ந்தவன். துபாயில் வேலை. அடுத்த ஆண்டு பள்ளி விடுமுறையில் 40 அடிப் பாய்மரப் படகு ஒன்றை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டிப் போகலாம் என்று நானும் நண்பரும் திட்டமிட்டிருக்கிறோம். இரண்டு குடும்பங்களும் என் அப்பாவும் சேர்த்து எட்டுப் பேர். அப்பா நாற்பது ஆண்டுகள் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் தொழில் செய்தவர். அதனால் படகை நடத்தத் தனியாக ஒரு ஸ்கிப்பர், அதாவது படகுத் தலைவர், தேவையில்லை என்று நினைக்கிறேன். முதல் ஆசை நம் ஊர்க் கடல், முடிந்தால் மினிக்காய் வரை. இல்லாவிட்டால் கிரீஸ். அப்பாவோ, "காசு கொடுத்துக் கடலுக்குப் போகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று சிரிக்கிறார். உங்கள் கருத்து என்ன?

வாசகர், குளச்சல்

அன்புள்ள நண்பருக்கு,

மினிக்காயை முதலில் முடித்துவிடுவோம். கொச்சியிலிருந்தே அது ஏறத்தாழ 400 கிலோமீட்டர், அதாவது 215 கடல்மைல். நீங்கள் சொல்லும் அளவுள்ள படகு, காற்று ஒத்துழைத்தால் மணிக்கு ஐந்தரைக் கடல்மைல் போகும். இடைவிடாமல் ஓட்டினாலும் நாற்பது மணி நேரம். வாடகைப் படகு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இருட்டிய பிறகு ஓட்டுவதையே அனுமதிப்பதில்லை. போதாததற்கு மினிக்காய் இருக்கும் லட்சத்தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டும் வேண்டும்.

நம் மாவட்டக் கடல் இதற்குத் தோதாக இல்லை என்பதற்குக் கடலைக் குறை சொல்ல முடியாது. சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் எல்லாமே மீன்பிடித் துறைமுகங்கள். நீருக்கடியில் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு அடிக்கட்டை நீண்டிருக்கும் படகை இரவில் கட்டிவைத்து, தண்ணீரும் மின்சாரமும் எடுத்துக்கொள்ள இங்கே மரீனா என்னும் படகுத்துறை கிடையாது. பக்கத்தில் இருப்பது கொச்சி போல்காட்டிதான். அங்கே போனாலும் காலம் ஒத்துவராது. துபாய்ப் பள்ளிகளின் விடுமுறை ஜூலையும் ஆகஸ்டும். அப்போது இங்கே கச்சான் என்ற மேற்குக் காற்று எப்படி வீசும் என்று குளச்சல்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கே மீன்பிடித் தடை.

ஆக, கிரீஸ். இங்கேதான் உங்கள் கடிதம் எனக்குக் கவலை தந்தது.

உங்கள் அப்பாவின் கடலறிவில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. தேவாலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் மலைமுகட்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி, கடலுக்கடியில் இருக்கும் 'பார்' என்ற பாறைத்திட்டைக் கண்டுபிடிக்கிறவர்கள் நம் கரைக்காரர்கள். ஐரோப்பிய ஸ்கிப்பரும் பாறைகளுக்கு நடுவே நுழையும்போது இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்துத்தான் போவார். அவர் என்ன செய்கிறார் என்பது மொழி தெரியாமலே உங்கள் அப்பாவுக்குப் புரிந்துவிடும். ஆனால் இந்தப் படகுகளில் சிரமம் திறந்த கடலில் இல்லை, துறைமுகத்துக்குள் இருக்கிறது. பத்து டன் எடையை, பக்கவாட்டுக் காற்றில், முன்னால் நங்கூரத்தை இறக்கிக்கொண்டே பின்னோக்கி ஓட்டி, வேறு இரண்டு படகுகளுக்கு நடுவே கரைச்சுவரில் படகின் பின்பகுதியான அமரத்தைக் கட்ட வேண்டும். பக்கத்துப் படகுக்காரர் மதுக்கோப்பையை வைத்துவிட்டு, கையில் ரப்பர் மிதவையோடு எழுந்து நிற்பார். அலைக்குள் வள்ளத்தை ஏற்றி இறக்கிய கைக்கு இது வேறு தொழில்.

சட்டமும் அப்பாவுக்குச் சாதகமாக இல்லை. ஸ்கிப்பர் இல்லாமல் படகைத் தர, கிரீஸில் ஒருவருக்கு ஏற்கத்தக்க பாய்மரச் சான்றிதழ் வேண்டும். கூடவே அனுபவமுள்ள இன்னொருவரும் வேண்டும். அந்த இரண்டாம் இடத்தில் அப்பா கையெழுத்துப் போடலாம். முதல் இடத்துக்கு நாற்பது ஆண்டுத் தொழில் செல்லாது, காகிதம்தான் செல்லும். அநியாயம்தான். ஆனால் காகிதம் இல்லாத இடத்தில் காப்பீடும் நிற்காது. எட்டுப் பேரின் பொறுப்பை அவர் தலையில் ஏற்றிவிட்டு அதற்கு விடுமுறை என்று பெயர் வைக்காதீர்கள். நீங்களே ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் துபாயிலேயே பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 'டே ஸ்கிப்பர்' செய்முறைப் பயிற்சி ஐந்து நாள். அதை முடித்தாலும் முதல் பயணத்துக்கு ஸ்கிப்பரோடு போங்கள் என்றே சொல்வேன்.

ஸ்கிப்பர் வந்தால் ஒன்பது பேர். 40 அடிப் படகில் பெரும்பாலும் மூன்று அறைகள், நடுக்கூடத்தில் இரண்டு படுக்கைகள், மொத்தம் எட்டு. படகின் பத்திரத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஒரு குழந்தையைக்கூட ஏற்ற முடியாது. நான்கு அறையுள்ள 45 அடிப் படகோ, இரட்டை உடல் கொண்ட படகோ பாருங்கள். இரட்டை உடல் படகு அதிகம் சாயாது, குழந்தைகளுக்கு நல்லது. வாடகை மட்டும் கிறுகிறுக்க வைக்கும். கூடவே ஸ்கிப்பருக்கு நாளொன்றுக்கு 200 யூரோ அளவில், அவருடைய சாப்பாடு, டீசல், கடைசி நாள் துப்புரவுக் கட்டணம், சில ஆயிரம் யூரோ முன்வைப்புத் தொகை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையோடு இவற்றையும் கூட்டிவிட்டுப் பேசுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடல் பக்கம் போகாதீர்கள். மெல்டெமி என்ற வடகாற்று அங்கே நாட்கணக்கில் விடாமல் அடிக்கும். படத்தில் பார்த்த வெள்ளை வீடுகளுக்காகப் போய்த் துறைமுகத்திலேயே அடைந்து கிடந்தவர்கள் உண்டு. மேற்கே அயோனியன் கடலில் லெஃப்கடா தீவிலிருந்து கிளம்புங்கள். காலையில் கடல் தூங்கும். பிற்பகலில் வடமேற்குக் காற்று எழும், மாலையில் அடங்கும். மெகனிசி தீவு சில கடல்மைல் தூரம். இதாக்கா ஒரு பகல் பயணம். அதற்கு மேல் பட்டியல் போடாதீர்கள். ஒரு வாரம் என்பது சனிக்கிழமை மாலை தொடங்கி வெள்ளி மாலைக்குள் திரும்பிவிட வேண்டிய வாரம். தினம் ஒரு தீவு என்று எழுதிவைத்தவர்கள் தீவைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

தொட்டித் தண்ணீர் எட்டுப் பேர் குளிக்க இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. கழிப்பறைக் குழாய் குறுகலானது, காகிதம் போட்டால் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அதுதான் அந்த வாரத்தின் ஒரே பேச்சாக இருக்கும். குழந்தைகளின் எடையைச் சொல்லி உயிர்காப்பு அங்கியை முன்பே கேட்டு வையுங்கள். சூட்கேஸ் வைக்க இடமில்லை, துணிப்பை கொண்டுபோங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் நீங்கள், நண்பர், அப்பா இருக்கிறீர்கள். மனைவிமார் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. சமையலறையைப் படகுக்குள் மாற்றிவைப்பதற்கு அவர்கள் கிரீஸ் வரை வர வேண்டுமா? தில்னா, ரூபா என்ற நம் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர் 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார்கள். ரூபா புதுச்சேரிக்காரர். சுக்கானை முறைவைத்துப் பிடியுங்கள், பாத்திரத்தையும் முறைவைத்துக் கழுவுங்கள்.

அப்பாவின் சிரிப்புக்கு என்னிடம் மறுப்பில்லை. ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராத கரை இது. அங்கே வாழ்ந்தவருக்குக் கடல் பொழுதுபோக்கு ஆகாது. ஆச்சரியப் பரிசு என்று டிக்கெட்டை நீட்டாமல், வர விருப்பமா என்று நேராகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வருகிறேன் என்றால் அவருடைய ஷெங்கன் விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஆகஸ்ட் படகுகள் குளிர்காலத்திலேயே தீர்ந்துவிடும்.