வெடிமருந்து கலந்த மண்ணுக்கு வெட்டிவேர் தீர்வாகுமா?

கேள்வி: முன்பு வெடிமருந்துக் கிடங்கு இருந்த இடம் இப்போது என் நிலத்தில் ஒரு மூலையாக இருக்கிறது. அங்கே எதை விதைத்தாலும் வேர் கட்டையாகிக் கருகிவிடுகிறது. வெட்டிவேர் நட்டால் மண் சுத்தமாகுமா? அறுக்கும் புல்லை மாட்டுக்குப் போடலாமா?

பதில்: மாட்டுக்குப் போடவே கூடாது. நடுவதற்கும் அவசரம் வேண்டாம். வெடிக்காத குண்டு எதுவும் இல்லை என்று வெடிபொருள் அகற்றுவோர் எழுதித் தரும்வரை அங்கே மண்வெட்டிகூடப் போடாதீர்கள். எடையில் 10% வெடிமருந்து இருந்தால் அந்த மண்ணே வெடிக்கக்கூடும்.

இத்தகைய மண்ணில் பொதுவாக இருப்பவை டிஎன்டி, ஆர்டிஎக்ஸ் என்ற இரண்டு வெடிமருந்துகள். இரண்டுக்கும் குணம் வேறு. டிஎன்டி மண்ணைப் பற்றிக்கொள்ளும். செடி உறிஞ்சினாலும் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். வேரைக் கருக்குவது பெரும்பாலும் இதுதான். தேங்கிய நீர் வெயில் பட்டு இளஞ்சிவப்பானால் டிஎன்டி என்று சந்தேகப்படலாம். ஆர்டிஎக்ஸ் மண்ணில் நிற்காது. நீரோடு நிலத்தடிக்கு இறங்கும், அல்லது இலைக்கு ஏறி அப்படியே சேரும். அந்த இலையைத் தின்னும் கால்நடைக்கு நரம்பு பாதித்து வலிப்பு வரலாம்.

சாதாரண மண் பரிசோதனையில் இவை தெரியாது. கலவையில் உள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி உள்ள ஆய்வகம் வேண்டும். நஞ்சு திட்டுத்திட்டாகக் கிடக்கும் என்பதால் 30 இடங்களுக்குக் குறையாமல் மேல்மண் எடுத்துக் கலந்து, வெளிச்சம் படாமல், குளிர்ச்சியாக அனுப்புங்கள். அமினோ டைநைட்ரோ டொலுவீன்களையும் அளக்கச் சொல்லுங்கள். டிஎன்டி குறைந்ததாகத் தெரியும். பல நேரம் அது இந்த வடிவத்துக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான்.

எதுவும் முளைக்காத திட்டில் வெட்டிவேரும் திணறும். அந்த மண்ணை, வல்லுநர் மேற்பார்வையில், 30% மண்ணுக்கு 70% சாணம், வைக்கோல், மரத்தூள் என்று கலந்து, 55 டிகிரி வரை சூடேறும் குவியலாக மக்கவைப்பதே முதல் வேலை. அமெரிக்காவின் உமட்டில்லா ஆயுதக் கிடங்கில் 1990களில் இப்படித்தான் செய்தார்கள்.

நஞ்சு மிதமாக உள்ள இடத்தில் 2-3 தூர் கொண்ட நாற்றை, இலையை 20 செ.மீ. விட்டு வெட்டி, 15 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். வேர் டிஎன்டியை உறிஞ்சுவதை யூரியா கூட்டும் என்று ஆய்வுகள் உண்டு. பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். நீர் தேங்கப் பாய்ச்சினால் ஆர்டிஎக்ஸைக் கிணற்றுக்கு நீங்களே அனுப்புவதாகும்.

இலை காய்ந்து உதிர்ந்தால் சேர்ந்தது மண்ணுக்கே திரும்பும். அதற்கு முன் அறுத்துவிடுங்கள். உரக்குழியில் போடாமல், வயலில் கொளுத்தாமல், நச்சுக்கழிவு எரிக்கும் உலைக்கு அனுப்புங்கள். வேரை எண்ணெய் வடிக்க விற்காதீர்கள். ஆர்டிஎக்ஸைத் தன்னுள்ளேயே சிதைக்கும்படி மரபணு மாற்றிய சுவிட்ச் புல்லை அமெரிக்காவின் ஃபோர்ட் டிரம் ராணுவத் தளத்தில் வளர்த்த ஆய்வு 2021இல் வெளியானது. அந்த நாற்று விவசாயிக்குக் கிடைப்பதில்லை.

ஈயம் போன்ற உலோகமும் இருந்தால் அதற்கு வைத்தியம் தனி.