அடிபட்டது தலையில், நிமோனியா நெஞ்சில்: யார் தவறு?

கேள்வி: பைக் விபத்தில் தலையில் அடிபட்ட என் தம்பி, அறுவை சிகிச்சைக்குப் பின் வென்டிலேட்டரில் இருக்கிறார். முதல் நாள் எக்ஸ்ரேயில் நெஞ்சு தெளிவாக இருந்தது. ஐந்தாம் நாள் நிமோனியா என்கிறார்கள். மருத்துவமனையின் கவனக்குறைவா? வேறு இடத்துக்கு மாற்றலாமா?

பதில்: நமக்குப் புரையேறினால் கண்ணீர் வரும்வரை இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். நினைவிழந்தவருக்கு அந்த இருமல் எழுவதில்லை என்பதால், எச்சிலும் வாந்தியும், சில நேரம் விபத்து நடந்த இடத்திலேயே ரத்தமும், மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுகின்றன. கிருமி பெருகி எக்ஸ்ரேயில் தெரியச் சில நாள் பிடிக்கும். தொண்டையில் குழாய் போட்டு 48 மணி நேரம் கடந்தாலே தொற்றுக்கு வாய்ப்பு கூடிவிடும். ஆகவே நிமோனியா வந்ததை மட்டும் வைத்து யாரையும் குற்றஞ்சாட்ட இயலாது. கட்டிலின் தலைப்பக்கம் 30 பாகையாவது உயர்ந்திருக்கிறதா, வாயை அன்றாடம் சுத்தம் செய்கிறார்களா, சளியைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினார்களா என்று கேளுங்கள். ஒரே செவிலியர் நான்கைந்து வென்டிலேட்டர்களைப் பார்க்கும் பிரிவில் இவை தவறினால் அவரைத் திட்டிப் பயனில்லை. ஆள் போடாதவர்களைத்தான் கேட்க வேண்டும், அவர்களோ வார்டுப் பக்கம் வருவதே இல்லை.

தலையில் அடிபட்டவரின் நுரையீரல் கெடுவதெல்லாம் தொற்றினால் அல்ல, ஒரு விலக்கு உண்டு. மண்டைக்குள் அழுத்தம் திடீரென ஏறும்போது, சில நிமிடங்களிலோ மணி நேரங்களிலோ நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதில் கிருமி இல்லை, ஆன்டிபயாடிக்குக்கு வேலையும் இல்லை. மூளை அழுத்தத்தைத் தணித்து, மூச்சுக்குத் துணைநின்றால் பெரும்பாலும் சில நாளில் வடிந்துவிடும். முதல் எக்ஸ்ரே தெளிவாக இருந்ததால் உங்கள் தம்பிக்கு இது பொருந்துவதாகத் தெரியவில்லை. ஆயினும், விவரம் தெரிந்த உறவினர் ஒருவர் வந்து, "இது வெறும் நீர்க்கோப்பு, தானாக வடியும், மருந்தை நிறுத்தச் சொல்" என்று சொல்லக்கூடும் என்பதால் எழுதுகிறேன். ஐந்தாம் நாள் நிமோனியாவுக்கு மருந்து வேண்டும்.

மாற்றுவதைப் பற்றி: தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத்தான்; நிமோனியா அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. பில் ஏறும் அந்த வேளையில்தான் தரகர் வந்து, "பெட் இருக்கிறது, வண்டியும் தயார்" என்பார். அவருடைய கமிஷன் உங்கள் தலையில்தான் விழும். வழியில் ஆக்சிஜன் குறைந்தால் வீங்கிய மூளை மேலும் கெடும். இரு மருத்துவமனை மருத்துவர்களும் தமக்குள் பேசி, படுக்கையை உறுதிசெய்து, வண்டியில் ஒரு மருத்துவரும் உடன் வந்தாலன்றி அவரை அசைக்காதீர்கள்.

குழாயை எடுத்து, தம்பி கண் திறந்ததும் பாசத்தில் காப்பி ஊட்டிவிடுவார்கள், பலமுறை பார்த்துவிட்டேன். விழுங்கும் திறனைச் சோதித்து மருத்துவர் சொல்லும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.