எக்ஸிமாவும் குடல் பாக்டீரியாவும்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. முழங்கை மடிப்பில் எக்ஸிமா. குடலைச் சரிசெய்தால் தோல் தானாகச் சரியாகும் என்று தோழி சொன்னதால் பால், முட்டை, மீனை நிறுத்திவிட்டு புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) பொடி கொடுக்கிறேன். ஸ்டீராய்டு களிம்பையும் விட்டுவிட்டேன். இரண்டு மாதமாகியும் இரவெல்லாம் சொறிகிறான். என்ன செய்வது, டாக்டர்?
- ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: மருத்துவர் தந்த களிம்பை, அவர் சொன்ன அளவில், இன்றிரவே மறுபடி போடத் தொடங்குங்கள். பிள்ளை தூங்காமல் தவிக்கிறான். இனியும் காத்திருக்க வேண்டாம். ஸ்டீராய்டு என்றாலே தோல் மெலிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது. வீரியமானதைக் கணக்கில்லாமல் நெடுநாள் போட்டால்தான் அந்த ஆபத்து. சொறிந்து புண்ணான இடத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா பெருகி அழற்சியைக் கூட்டும். நீர் வடிந்தாலோ மஞ்சள் பொருக்குத் தட்டினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோழி சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன, பெரும்பாலும் பெருங்குடலில். நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை அவை புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலத்தை உண்டாக்குகின்றன. குடல் சுவர் செல்களுக்கு அதுதான் சாப்பாடு. எதிர்ப்புச் சக்தி எல்லை மீறாமல் அடக்கிவைக்கும் அணுக்கள் வளரவும் அது உதவுகிறது. சோரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளவர்களுக்குக் குரோன் என்ற குடல் அழற்சி நோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம்.

அதற்காகப் பொடி மருந்தாகிவிடாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சுமார் 2,600 பேர். புரோபயாட்டிக்கால் எக்ஸிமா அரிப்பிலோ தூக்கத்திலோ சொல்லும்படியான மாற்றம் இல்லை. அந்தக் காசுக்குப் பெரிய டப்பா மாய்ஸ்சரைசர் வாங்கி, குளித்த ஈரம் காய்வதற்குள் தாராளமாகத் தடவுங்கள். ஏர்கான் அறையில் தூங்குகிறான் என்றால் படுக்கும் முன் இன்னொரு முறை.

எனக்குப் பெரிய கவலை அவன் சாப்பாடுதான். வளரும் பிள்ளைக்கு மூன்றையும் நிறுத்தினால் புரதமும் கால்சியமும் குறைந்துபோகும். அப்புறம், எக்ஸிமா உள்ள பிள்ளை நெடுநாள் ஒதுக்கிய உணவைத் திரும்பச் சாப்பிடும்போது, முன்பு இல்லாத ஒவ்வாமை வரலாம். அதனால் நீங்களாகத் தொடங்காதீர்கள். பலதுறை மருந்தகத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, மருத்துவர் சொல்கிறபடி ஒவ்வொன்றாகக் கொடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

குடலுக்கு நல்லது செய்ய தேக்கா சந்தைக் கீரையும் முருங்கைக்காயும், மாலையில் ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டலும் போதும். களிம்பை ஒழுங்காகப் போட்டும் இரண்டு வாரத்தில் அவன் தூக்கம் சீராகவில்லை என்றால், தோல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள்.