நாழிக்கு மூன்றே முக்கால்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சேரன்மகாதேவி பக்கம் ஒரு சிறிய தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். இரண்டே ஆசிரியர்கள், இருபத்திரண்டு பிள்ளைகள். புளியங்கொட்டையில் கூட்டல், பனையோலைக் காற்றாடி, வாய்க்கால் களிமண்ணில் எழுத்து என்று முடிந்தவரை செய்யவைத்தே கற்பிக்கிறேன். போன மாதக் கண்காட்சிக்கு இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து தெர்மாகோலில் பாபநாசம் அணை செய்து பரிசும் வாங்கினோம். ஆனாலும் "அங்கே விளையாட்டுத்தான் நடக்கிறது, படிப்பு இல்லை" என்று சொல்லி இந்த வருடம் மூன்று பிள்ளைகளை வேன் வரும் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது? நான் படிக்கவேண்டிய புத்தகங்கள் எவை? அணையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பரணில் கிடந்த அம்மாவின் பித்தளை உழக்கை இறக்கிப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் ஒரு வணக்கத்தோடு நிறுத்தியிருப்பேன்.

புத்தகப் பட்டியல் தரப்போவதில்லை. மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறுக்கு வந்தது தொடங்கி, அட்டையும் ஏணிப்படியுமாகச் செயல்வழிக் கற்றல் 2007-ல் நம் அரசுப் பள்ளிகள் முழுக்கப் பரவியது வரை எழுதப்பட்டவை ஏராளம். கிடைத்ததைப் படியுங்கள். வேனுக்கும் என்னிடம் மருந்து இல்லை. வீட்டு வாசலில் வந்து நிற்பதுதான் அதன் பாடத்திட்டமே.

படத்தைப் பார்த்தேன். நீலக் கண்ணாடித்தாளில் தண்ணீர், பஞ்சில் மேகம், 'நீர்மட்டம் 143 அடி' என்று முத்து முத்தான எழுத்து. நான்காம் வகுப்புப் பிள்ளை அப்படி எழுதாது. பதினொரு மணிவரை கண் விழித்தது நீங்கள். விரலைச் சுட்டுக்கொண்டதும் நீங்களாகத்தான் இருக்கும். அணையைப் பற்றி அன்றிரவு யாராவது எதையாவது கற்றிருந்தால் அதுவும் நீங்கள்தான். பிள்ளைகள் மறுநாள் அதற்குப் பக்கத்தில் நின்று மனப்பாடம் ஒப்பித்தார்கள். "படிப்பு இல்லை" என்று சொன்ன பெற்றோர் இதைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நான் அவர்கள் கட்சி.

தண்ணீரைத் தடுக்கவென்றே கட்டிய ஒன்றை, தண்ணீரில் மிதக்கிற பொருளால் செய்திருக்கிறீர்கள் டீச்சர்! கன்னடியன் கால்வாய் பாயும் ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு! ராத்திரியில் அப்பாவோடு டார்ச் பிடித்துப் போய், களிமண்ணும் வைக்கோலும் திணித்து மடை அடைத்த பையன் ஒருவனாவது உங்கள் வகுப்பில் இருப்பான். மண் எந்த இடத்தில் முதலில் கசியும் என்று அவனிடம் கேட்டீர்களா? அவனை ஓரமாக நிற்கவைத்துவிட்டுக் கடைக்குப் போய் தெர்மாகோல் வாங்கியிருக்கிறீர்கள்.

சரி, உழக்குக்கு வருகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். மெட்ரிக் அளவைக்கு 1956-லேயே சட்டம் வந்துவிட்டது என்றாலும் எங்கள் ஊருக்கு அது நடந்து வந்துகொண்டிருந்தது. கடையில் நாழியும் உழக்கும்தான். நான்கு உழக்கு ஒரு நாழி என்று வாய்ப்பாடு. பெரிய சார் ஒருநாள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு அளவையைக் கொண்டுவரச் சொன்னார். நான் இந்த உழக்கைக் கொண்டுபோனேன். பலசரக்குக் கடைக்காரர் மகன் கடையின் இரும்பு நாழியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

குடத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். நான்காவது உழக்கு முடியுமுன்பே நாழி வழிந்துவிட்டது. கை நடுங்கிவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றினேன். மறுபடியும் வழிந்தது. யாரும் பார்க்கவில்லை என்று சிலேட்டில் '4' போட்டேன். சார் கட்டைவிரலால் அதை அழித்தார். "உன் கண் பார்த்ததை எழுது" என்றார். நாழியைத் தாம்பாளத்தில் வைத்து மூன்றாம் முறை ஊற்றினோம். வழிந்ததைச் சின்னச் சிரட்டையால் அளந்தால் ஒரு சிரட்டை. உழக்குக்கு நான்கு சிரட்டை. ஆகவே மூன்றே முக்கால். பின்னத்தை நான் கற்றது அந்தத் தாம்பாளத்தில்தான்.

மற்ற நாழிகளில் நான்கு உழக்கும் ஒழுங்காகப் பிடித்தன. கடை நாழியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடித்தகடு உள்பக்கமாக எக்கியிருந்தது. தானாக நசுங்கியதா, தட்டி வைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. கடைக்காரர் மகன் நாழியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நின்றான். சட்டை நனைந்து வயிற்றில் ஒட்டியிருந்தது. சார் அவனைக் கூப்பிட்டு, "இனி இந்த வகுப்பில் எதை அளந்தாலும் நீதான் அளக்க வேண்டும்" என்றார். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அவன்தான் அளந்தான்.

சாயங்காலம் அவன் அப்பா பள்ளிக்கூடத்து வாசலில் வந்து கத்தினார். பிள்ளைகளைப் படிக்க அனுப்பினால் கடைக்குக் கணக்குப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். சார் குடத்தையும் உழக்கையும் அவர் முன்னால் வைத்து "நீங்களே அளங்கள்" என்றார். அளந்தார். தரை சமமாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் கடைக்குப் புது நாழி வந்தது. அரிசி விலையும் ஐந்து காசு ஏறியது. அதற்கு அம்மா என்னைத்தான் ஏசினாள்.

உங்கள் களிமண் எழுத்துகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. அதில் நகக்கீறலும் கோணலும் இருக்கும், அதை விடாதீர்கள். அந்தத் தெர்மாகோலை மட்டும் தூக்கிப் போடுங்கள். அணையில் 143 அடி என்று எழுதினீர்கள் அல்லவா? பள்ளிக்கூட வாசலிலிருந்து தெருவோடு அந்த 143 அடியைப் பிள்ளைகள் அளக்கட்டும். முதலில் தங்கள் காலாலேயே அளக்கட்டும். ஆளுக்கொரு கணக்கு வரும், சண்டை வரும். சண்டை நன்றாக முற்றிய பிறகு ஸ்கேலை எடுத்துக் கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போடச் சொல்லுங்கள். முடிச்சுக்குப் போகும் கயிற்றை அவர்களே கண்டுபிடிப்பார்கள், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். கயிறு யார் வீட்டுத் திண்ணையில் போய் முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.