சார்புத் தொகுப்புகளின் புதுப்பிப்புகளை எல்லாம் தானாகவே இணைத்துவிடலாமா?

உங்கள் நிரல் சார்ந்திருக்கும், பிறர் எழுதிய தொகுப்புகளைப் புதுப்பிக்க உதவும் டிபெண்டபாட் என்ற கருவியை இயக்கிய பின், வரும் புதுப்பிப்புகள் அனைத்தையும் யாரும் பார்க்காமலே இணைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிரலைச் சரிபார்க்கும் தானியங்கிச் சோதனைகள் வலுவாக இல்லாத திட்டத்தில் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

டிபெண்டபாட், ரெனோவேட் போன்ற கருவிகள் சார்புப் பட்டியலையும், பயன்படும் துல்லியமான பதிப்புகளைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பையும் படித்து, தொகுப்புகள் வெளியிடப்படும் பதிவகத்தில் புதிய பதிப்பு இருந்தால் எண்ணை மாற்றி ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை இணைக்கக் கோரும் முன்மொழிவு) திறக்கின்றன. அந்த மாற்றம் உங்கள் நிரலை உடைக்குமா என்பதை அவை அறியா. அதைச் சொல்ல வேண்டியவை உங்கள் சோதனைகளே.

2.4.1 போன்ற பதிப்பு எண்ணின் முதற்பகுதி மாறினால் பழைய நிரல் உடையக்கூடும், மூன்றாம் பகுதி மட்டும் மாறினால் அது பிழைதிருத்தம் என்பது மரபு. ஆனால் அது தொகுப்பை எழுதியவர் தரும் வாக்குறுதிதானே தவிர, எவரும் சரிபார்த்த உண்மை அன்று. ஆகவே சிறு திருத்தங்களை ஒரே குழுவாகச் சேர்த்து, சோதனைகள் தேறினால் தானாக இணைக்கலாம். முதன்மைப் பதிப்பு மாற்றங்களை ஒவ்வொன்றாக, மாற்றக் குறிப்புகளைப் படித்த பின்னரே ஏற்க வேண்டும்.

பலரும் கவனிக்காதது, புதிய பதிப்பை ஏற்குமுன் விடும் காத்திருப்புக் காலம். 2021 அக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை வெளியிடுபவரின் கணக்கு களவாடப்பட்டு, தீங்கு நிரல் கொண்ட பதிப்புகள் வெளியாகி, சில மணி நேரத்தில் நீக்கப்பட்டன. புதிய பதிப்பை ஏற்கச் சில நாள் பொறுக்குமாறு அமைத்திருந்த திட்டத்தை அது தொட்டிருக்காது. பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் இந்தத் தாமதம் பொருந்தக் கூடாது. அதே ஆண்டு டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஜே என்ற ஜாவா தொகுப்பின் பாதுகாப்பு ஓட்டை போன்றவற்றில் ஒவ்வொரு நாளும் ஆபத்துதான்.