பத்துக்கு ஐந்து

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. வங்கியில் நல்ல வேலை. ஆறு மாதமாக நெஞ்சு படபடக்கிறது, லிஃப்டில் ஏறப் பயமாக இருக்கிறது என்று மனநல வைத்தியரிடம் போய்வருகிறான். போன கிழமை போனில் பத்துக் கேள்விகள் கொண்ட ஏதோ ஒரு சோதனையைச் செய்துவிட்டு, "எனக்குப் பத்துக்கு ஐந்து. எல்லாம் நீங்கள் வளர்த்த வளர்ப்பு" என்கிறான். பெல்ட்டால் அடித்தேன், இல்லையென்று சொல்லவில்லை. என் அப்பா என்னைப் பூவரசங்கம்பால் அடித்துத்தான் வளர்த்தார். 83 ஆடிக் கலவரத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது. வீடு எரிந்து, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாகக் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனவர்கள் நாங்கள். நான் நன்றாகத்தானே இருக்கிறேன்? ஆடி மாதம் வந்தால் நித்திரை வராது, அது வேறு விஷயம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பெற்றோரைக் குற்றம் சொல்லப் பழகிவிட்டார்கள். நீங்களே சொல்லுங்கள்.
– ஒரு தகப்பன், வெள்ளவத்தை

பதில்: ஐயா, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ஆடி வந்தால் நித்திரை வராது என்று. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்த வரியைத்தான். அது வேறு விஷயம் என்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் கேட்ட கேள்விக்கு நீங்களே எழுதிய பதிலாகத்தான் படுகிறது. நாற்பது வருடம் தாண்டியும் ஒரு மாதத்தின் பெயர் உங்களைத் தூங்கவிடவில்லை. உங்களுக்கு ஆடி என்றால், மகனுக்கு பெல்ட்டைக் கழற்றும் சத்தமாக இருக்கலாம்.

சிறுவயதில் பட்ட துன்பங்கள் எத்தனை வகை என்று எண்ணும் அந்தச் சோதனை போனில் திடீரென்று முளைத்ததல்ல. அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற வைத்தியர் உடல் பருமனைக் குறைக்கும் சிகிச்சை நிலையம் ஒன்றை நடத்தினார். நன்றாக மெலிந்துகொண்டு வந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தபோது, சிறுவயதில் பாலியல் துன்பத்துக்கு ஆளான பலர் அவர்களுக்குள் இருந்தது தெரியவந்தது. பிறகு அவரும் ராபர்ட் அண்டா என்பவரும் சேர்ந்து 17,000 பேருக்கு மேல் கேட்டு, 1998இல் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். சேரிவாசிகளிடம் கேட்டதென்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் படித்த, காப்புறுதி உள்ள, நடுத்தரக் குடும்பத்தவர்கள். அவர்களிலேயே மூவரில் இருவருக்கு இப்படி ஏதாவது ஒரு அனுபவம் இருந்தது. நான்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி என்று பார்த்தால், ஒன்றுமே இல்லாதவர்களைவிட ஆபத்து 4 முதல் 12 மடங்கு.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். அந்தப் பத்தில் அடி என்பது ஒன்றே ஒன்றுதான். மற்றவை: வாயால் அவமானப்படுத்துவது, பாலியல் துன்பம், சாப்பாடு உடுப்பு கவனியாமல் விடுவது, பாசம் காட்டாமல் விடுவது, தாய் அடிவாங்குவதைப் பிள்ளை பார்ப்பது, வீட்டில் குடியோ போதையோ, வீட்டில் ஒருவருக்கு மனநோய், பெற்றோர் பிரிவு, வீட்டில் ஒருவர் சிறை. மகன் ஐந்து என்கிறான். நீங்கள் பெல்ட்டை மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். மிச்சம் நாலும் எவை? கடிதத்தில் இல்லை. கேட்கவே இல்லையா, அல்லது கேட்டும் எழுத மனம் வரவில்லையா? இரண்டில் எதுவென்று எனக்குத் தெரியவேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்தப் பட்டியலில் எனக்கு ஒரு குறையும் உண்டு. சான் டியாகோவில் எழுதியதால் அதில் கலவரம் இல்லை, சோதனைச்சாவடி இல்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை, உங்கள் வெள்ளவத்தையிலிருந்தும்தான், பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. உங்கள் மகனுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. அந்தக் கிழமை உங்கள் வீட்டில் பெரியவர்கள் எந்தக் குரலில் கதைத்திருப்பீர்கள்? பிள்ளைகளுக்கு விளங்காது என்று நாம் நினைத்துக்கொள்வோம். அவர்களோ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சரி, "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்". ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, சண்டை என்று மோசமான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாகவே நிமிர்ந்தார்கள். அவர்கள் பக்கத்தில் நம்பக்கூடிய பெரியவர் ஒருவராவது இருந்தார். பெற்றவர்தான் என்றில்லை, பாட்டியாக இருக்கலாம், படிப்பித்த ரீச்சராக இருக்கலாம். உங்களுக்கும் யாரோ இருந்திருக்க வேண்டும், ஐயா. அந்த முகாமில் உங்களைப் பக்கத்தில் படுக்கவைத்தவர், கப்பலில் கையை விடாமல் பிடித்திருந்தவர். அந்த ஆளை விட்டுவிட்டுப் பூவரசங்கம்புக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

கம்பின் பெருமையை 2016இல் வந்த ஓர் ஆய்வும் சோதித்துப் பார்த்தது. 75 ஆய்வுகள், ஏறத்தாழ 1,60,000 பிள்ளைகள். அடியால் பிள்ளை திருந்தியதற்கு அடையாளம் இல்லை. முரட்டுத்தனமும் மனநலக் கோளாறும்தான் அடியோடு சேர்ந்து வந்தன. நம் நாட்டில் 2005இலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை போட்டு, பாடசாலையில் அடிக்கக் கூடாது என்றது. அதை மதிக்காத பிரம்புகள் எத்தனையோ, அது இன்னொரு பக்கத்துக்கான கேள்வி.

குற்றம் சொல்கிறான் என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? சீனி வருத்தத்துக்குப் போனால், குடும்பத்தில் யாருக்கும் இருக்கிறதா என்று வைத்தியர் கேட்பார். என் அப்பாவைப் பழிசொல்கிறீர்களா என்று அவரோடு சண்டைக்கா போகிறோம்?

மகன் இதை வாசித்தால் அவருக்கும் ஒன்று சொல்லவேண்டும். தம்பி, ஆயிரக்கணக்கானோரை ஒன்றாகப் பார்க்கச் செய்த அளவுகோல் இது. ஒரு தனி ஆளின் எதிர்காலத்தைச் சொல்ல இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அந்த ராபர்ட் அண்டாவே 2020இல் எழுதினார். ஐந்து என்பதைச் சாதகக் குறிப்பைப் போலத் தூக்கிக்கொண்டு திரியாமல் உங்கள் வைத்தியரிடம் கொடுங்கள். அப்பாவின் முகத்தில் எறிவதற்கு அது ஏற்ற பொருளுமல்ல.

ஐயா, ஒரு நாள் மாலை மகனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடங்கள். ரயில் போகும் சத்தத்தில் பாதி கேட்காது, பரவாயில்லை. முகத்தைப் பாராமல் பக்கத்தில் நடந்துகொண்டே கதைப்பது தகப்பனுக்கும் மகனுக்கும் லேசு. அந்த மிச்சம் நாலும் எவை என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கியதும் "எங்கள் காலத்தில்" என்று மட்டும் வாயெடுத்துவிடாதீர்கள். அப்புறம், உங்கள் நித்திரைக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. அங்கொடை என்ற பெயரைச் சொல்லி நாம் ஒருவரையொருவர் கேலிசெய்து வளர்ந்தோமே, அந்த இடம்தான். போன் எடுத்தால் போதும். ஆடி வரும்வரை பார்த்திருக்க வேண்டாம்.